ஜெனரலின் கஜானாவைக் காத்தவர்: வாங் யோங்ஜியாங்

கேள்வி: 1916 முதல் 1928 வரை சீனாவைப் போர்ப்பிரபுக்கள் பங்குபோட்டு ஆண்டார்கள் என்று படிக்கிறோம். துப்பாக்கி வைத்திருப்பவர் சொல்வதே சட்டம் என்றிருந்த அந்தக் காலத்தில், ஒரு மாகாணத்தின் சிவில் அதிகாரிக்கு உண்மையில் என்ன வேலை இருந்தது? அவரால் எதையாவது சாதிக்க முடிந்ததா, அல்லது வெறும் கையெழுத்துப் பொம்மைதானா?

பதில்: கையெழுத்துப் பொம்மைகள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களை வைத்துப் பதில் சொன்னால் விஷயம் விளங்காது. வேலை தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரால் எதுவரை போக முடிந்தது, எங்கே முட்டி நின்றார் என்று பார்க்க வேண்டும். சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவின் ஃபெங்தியான் மாகாணத்தில், போர்ப்பிரபு ஜாங் ஸோலினிடம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வேலை பார்த்த வாங் யோங்ஜியாங் அதற்குப் பொருத்தமானவர்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1912-இல் சீனா குடியரசானது. அதைப் பிடித்து வைத்திருந்த யுவான் ஷிகாய் 1916 ஜூனில் இறந்ததும், மாகாணங்களில் இருந்த தளபதிகள் ஆளுக்கு ஒரு நிலத்தை வைத்துக்கொண்டார்கள். பெய்ஜிங்கில் பெயருக்கு ஓர் அரசாங்கம் இருந்தது. அதைப் பிடிப்பதற்காகவே பாதிப் போர்கள் நடந்தன. காகிதத்தில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இரண்டு நாற்காலிகள்: ஒன்று இராணுவ ஆளுநருக்கு, மற்றொன்று சிவில் ஆளுநருக்கு. நடைமுறையில் பெரும்பாலும் ஜெனரலே இரண்டிலும் உட்கார்ந்துகொள்வார், அல்லது இரண்டாவதில் தன் ஆளை உட்கார வைப்பார்.

அந்த இரண்டாவது நாற்காலிக்குக் கீழேதான் வரித்துறை, போலீஸ், பள்ளிகள், மாவட்ட அதிகாரிகள் எல்லாம் இருந்தார்கள். போர் என்று வந்துவிட்டால் மாவட்ட அதிகாரியின் பாடு எப்படியிருக்கும் என்று பாருங்கள். படை நகர்கிறது என்ற தந்தி வந்ததுமே அவருடைய அலுவலகம் வைக்கோல் மண்டி போல ஆகிவிடும். இத்தனை வண்டிகள், இத்தனை கோவேறு கழுதைகள், தீவனம், தினை, நிலக்கரி, மூட்டை சுமக்க இத்தனை ஆட்கள் என்று பட்டியல் வந்து இறங்கும். ஊர்ப் பெரியவர்களை வைத்து வீட்டுக்கு வீடு வசூலிக்க வேண்டும். வண்டியோடு பிடித்துக்கொண்டு போகப்பட்ட விவசாயி உயிரோடு திரும்பினால் அதிர்ஷ்டம்; வண்டியும் கழுதையும் கூடவே திரும்பினால் பேரதிர்ஷ்டம். தோற்ற படை ஊரைக் கடக்கும்போது இன்னொரு வேலை சேரும். நகர வணிகர் சங்கம் அவசரமாகப் பணம் திரட்டி, படை புறப்படுவதற்கான செலவு என்று தளபதியிடம் கொடுக்கும். கடைத்தெரு சூறையாடப்படாமல் இருப்பதற்கான கப்பம்தான் அது. தொகையைப் பேரம்பேசி முடித்து, எல்லோருடைய மரியாதையும் கெடாமல் கைமாற்றி விடுவது மாவட்ட அதிகாரியின் பொறுப்பு.

இதில் மாகாணத்துக்கு மாகாணம் வித்தியாசம் உண்டு. சிச்சுவானில் குட்டித் தளபதிகள் ஆளுக்குச் சில மாவட்டங்களைப் பிடித்துக்கொண்டு, நிலவரியைப் பல பத்தாண்டுகளுக்கு முன்கூட்டியே வாங்கினார்கள். பேரப்பிள்ளை கட்ட வேண்டிய வரியைத் தாத்தா கட்டினார். 1925 முதல் 1928 வரை ஷான்தோங்கை வைத்திருந்த ஜாங் சோங்சாங், மதிப்பில்லாத நோட்டுகளை அச்சடித்துச் சம்பளம் கொடுத்தார். அப்படிப்பட்ட இடங்களில் சிவில் அதிகாரி என்பவர் தளபதியின் வசூல்காரர். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஃபெங்தியானின் கதை வேறு.

ஜாங் ஸோலின் 1875-இல் அதே மாகாணத்தின் ஹைசெங் மாவட்டத்தில் பிறந்தவர். ஒல்லியான, சிறிய உருவம். முறையான படிப்புக் கிடையாது. கொள்ளைக்கும் காவலுக்கும் இடைப்பட்ட ஒரு கும்பலை நடத்தி, 1902-இல் அந்தக் கும்பலோடு மன்னராட்சியின் படையில் சேர்ந்தார். 1916-இல் மாகாணத்தின் இராணுவ ஆளுநரானார். வாங் யோங்ஜியாங் இதற்கு நேரெதிர். 1872-இல் பிறந்தவர், மரபான செவ்வியல் படிப்புப் படித்துத் தேர்வு எழுதியவர், சில காலம் லுஷுன் துறைமுகத்தில் மருந்துக்கடை நடத்தியவர். பிறகு லியாவோயாங்கில் போலீஸ் நிர்வாகத்தில் சேர்ந்து பெயர் வாங்கினார். அவர் பிறந்த ஜின்ஜோவும் லுஷுனும் குத்தகை நிலமாக முதலில் ரஷ்யரிடமும், 1905-க்குப் பிறகு ஜப்பானியரிடமும் இருந்தன. நவீனப் போலீஸும் வரி அலுவலகமும் எப்படி நடக்கும் என்பதை அவர் அந்நியர் கையில் இருந்த சொந்த ஊரிலேயே பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இருவரும் ஒன்றுசேர்ந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். குடியரசின் தொடக்கத்திலேயே வாங் ஒரு முறை ஜாங்கிடம் அவமதிக்கப்பட்டார். சீனாவின் பழைய மூன்று அரசுகள் காலத்தில், பெரிய காது கொண்ட ஆட்சியாளர் லியு பெய் முதலில் பாங் தோங் என்ற அறிஞரை மதிக்காமல் ஏதோ மூலைக்கு அனுப்பியதை வைத்து வாங் ஒரு கவிதை எழுதினார். 'என்னை அடையாளம் தெரியவில்லை உனக்கு' என்பதுதான் பொருள். மாகாணத்தின் மூத்த அறிஞரும் ஜாங்கின் ஆலோசகருமான யுவான் ஜின்கை அந்தக் கவிதையை ஜாங்கிடம் காட்டி விளக்கினார். ஜாங் வாங்கை அழைத்தார். கதை எவ்வளவு மெருகேறியதோ, 1916-இல் வாங் மாகாணப் போலீஸின் தலைவரானார் என்பது பதிவு.

அடுத்த சில மாதங்களில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு முதல் பதில். மாகாணத் தலைநகரான ஷென்யாங்கில் ஜாங்கின் பழைய கூட்டாளிகள் தங்களை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று திரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பெரிய ஆள் தாங் யூலின். கும்பல் காலத்திலிருந்தே கூட இருந்தவர். ஆபத்து நேரத்தில் ஜாங்கின் குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்று சொல்லப்படுபவர். இப்போது ஒரு பிரிகேடின் தளபதி. சூதாட்ட விடுதிகளுக்கு அவர் நிழல் இருந்தது. வாங்கின் போலீஸ் அவற்றில் கைவைத்தது. தாங் வெகுண்டெழுந்தார்; மற்றத் தளபதிகளையும் சேர்த்துக்கொண்டு, போலீஸ் தலைவரை நீக்கியே ஆக வேண்டும் என்று நின்றார். குதிரையில் ஏறி உயிரைக் கொடுத்துப் பிடித்த மாகாணத்தில், நேற்று வந்த ஒரு புத்தகப்புழு தங்களுக்கு உத்தரவு போடுவதா என்பதுதான் அவர்களுடைய ஆத்திரம். ஜாங் வாங்கின் பக்கம் நின்றார். 1917-இல் தாங் தன் ஆட்களோடு வெளியேறி, ஜாங்கின் போட்டியாளரான ஃபெங் தெலினிடம் போய்ச் சேர்ந்தார்.

ஜாங் ஏன் அப்படிச் செய்தார்? நேர்மையின் மீது திடீர்க் காதல் வந்துவிடவில்லை. அவருக்குப் பணம் இல்லை. மாகாணத்தின் கடன் ஒரு கோடி யுவானைத் தாண்டியிருந்தது. ஜப்பானியர் நடத்திய சோசன் வங்கியிடம் கடன்மேல் கடன். கடன் கொடுத்தவர்கள் நாளைக்கு ரயில்பாதையையும் சுரங்கத்தையும் கேட்பார்கள் என்பது ஜாங்குக்குத் தெரியும். சண்டை போடத் தெரிந்தவர்கள் அவரைச் சுற்றி இருபது பேர் இருந்தார்கள். கஜானாவை நிரப்பத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. 1917-இல் வாங் நிதித்துறைக்கு மாற்றப்பட்டார்.

அங்கே அவர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. நிலவரி, சரக்குப் போக்குவரத்து மீதான சுங்கம், சாராய வரி, புகையிலை வரி, முத்திரைக் கட்டணம் எல்லாம் ஏற்கெனவே இருந்தவைதான். வசூலிக்கும் அலுவலகங்கள் ஜெனரல்களின் மைத்துனர்களுக்கும் மருமகன்களுக்கும் கொடுக்கப்பட்ட மானியங்களாக இருந்தன. வசூலானதில் பெரும்பகுதி வழியிலேயே காணாமல் போயிற்று. வாங் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் இலக்கு வைத்தார். குறைந்தால் ஆளை மாற்றினார், கூடினால் வெகுமதி கொடுத்தார். நிலத்தை அளக்க வைத்தார். குடியேற்றம் வேகமாக நடந்துகொண்டிருந்த மஞ்சூரியாவில், பதிவேட்டில் ஒரு பரப்பும் உழவில் அதைவிடப் பெரிய பரப்பும் இருப்பது சாதாரணம். அளந்ததும் வரி ஏறியது, புறம்போக்கு விற்றும் பணம் வந்தது. சில ஆண்டுகளில் கடன் அடைந்தது; உபரியும் சேர்ந்தது. போர்ப்பிரபுக்கள் காலத்துச் சீனாவில் உபரி உள்ள மாகாணம் என்பதே அபூர்வம்.

இதை உழவரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்குக்குப் புகழ்மாலை சூட்டுவதோடு நின்றுவிடுவோம். மஞ்சூரியாவின் செல்வம் சோயா. 1920-களில் உலகச் சோயா வணிகத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் போயிற்று. அறுவடை முடிந்து, குளிரில் தரை இறுகிய பிறகுதான் கனமான வண்டிகள் சேற்றில் சிக்காமல் ஓடும். ஆகவே குளிர்காலத்தில் விவசாயி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்தை ஒட்டிய தானியக் கிடங்குக்கு வருவார். அந்தக் கிடங்குகளில் பல அரசு வங்கிக்குச் சொந்தமானவை, அல்லது அதன் பணத்தில் நடப்பவை. வங்கி தானே அச்சடித்த ஃபெங்பியாவ் நோட்டைக் கொடுத்துச் சோயாவை வாங்கும். ஏற்றுமதியாளரிடம் விற்கும்போது யென்னாகவோ வெள்ளியாகவோ வாங்கிக்கொள்ளும். நோட்டின் மதிப்பு நிலையாக இருக்கும்வரை இதில் யாருக்கும் பெரிய நட்டமில்லை. அரசாங்கம் அளவுக்கு மீறி அச்சடிக்கத் தொடங்கினால், விவசாயி குளிர்காலத்தில் வாங்கிய நோட்டு வசந்தத்தில் விதையும் துணியும் வாங்கப் போதாது. இந்த இயந்திரத்தை மிதமாக ஓட்டுவதில்தான் வாங்கின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. இயந்திரத்தின் சாவி மட்டும் கடைசிவரை ஜெனரலிடம்தான்.

1922 வசந்தத்தில் ஜாங் பெருஞ்சுவரைத் தாண்டிப் போய், போட்டித் தளபதி வூ பெய்ஃபூவின் ஜீலி அணியிடம் அடிவாங்கித் திரும்பினார். முதலாவது ஜீலி–ஃபெங்தியான் போர் என்று அதைச் சொல்கிறார்கள். பெய்ஜிங் அவரைப் பதவிநீக்கம் செய்தது. அவரோ தன் மூன்று கிழக்கு மாகாணங்களும் (ஃபெங்தியான், ஜிலின், ஹெய்லோங்ஜியாங்) தன்னாட்சி பெற்றவை என்று அறிவித்தார். அந்த ஜூனில் வாங் மாகாணத்தின் தற்காலிக சிவில் ஆளுநரானார். அப்போது எல்லோர் வாயிலும் இருந்த முழக்கம் 'எல்லையைக் காப்போம், மக்களை வாழவைப்போம்' என்பது. வாங்குக்கு அது வெறும் முழக்கமல்ல, திட்டம். பெருஞ்சுவருக்குத் தெற்கே நடக்கும் சண்டையில் தலையிடாமல், வடகிழக்கை மட்டும் வளர்த்துக்கொண்டால் ஜப்பானியருக்கு ஈடுகொடுக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவருடைய நல்ல காலம். ஜப்பானியத் துணி சந்தையை நிறைத்திருந்த ஊரில், அரசும் தனியாரும் பங்கு போட்ட ஃபெங்தியான் நூற்பாலை 1923-இல் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு வடகிழக்குப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. முதல் தலைவர் வாங்தான். செலவில் பத்தில் ஒன்பது பங்கு ஃபெங்தியானுடையது, ஒரு பங்கு ஹெய்லோங்ஜியாங்குடையது, ஜிலின் ஒதுங்கிக்கொண்டது. ஐம்பதாயிரம் சிப்பாய்களைக் குறைத்தாலும் பரவாயில்லை, பல்கலைக்கழகம் வந்தே ஆக வேண்டும் என்று ஜாங் சொன்னதாக ஒரு வாசகம் அங்கே இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. சொல்லியிருக்கலாம். சிப்பாய்களைக் குறைத்ததாக மட்டும் தெரியவில்லை. 1925-இல் ஷென்யாங்கிலிருந்து ஹைலோங்குக்கு, ஜப்பானியக் கடன் இல்லாமல், சீனப் பணத்திலேயே ரயில்பாதை போடும் வேலை தொடங்கியது. மஞ்சூரியாவில் ரயில் என்றாலே ஜப்பானியரின் தென்மஞ்சூரிய ரயில்வே என்றிருந்த நிலையில் அது சின்ன விஷயமில்லை.

இதே இரண்டு ஆண்டுகளில் அதே கஜானாவிலிருந்து இன்னொன்றும் வளர்ந்தது. தோற்றுத் திரும்பிய ஜாங் படையைப் புதிதாகக் கட்டினார். ஷென்யாங் ஆயுதத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பெரும் ஆலையாக விரிந்தது, விமானங்கள் வாங்கப்பட்டன, மகன் ஜாங் சுவெலியாங்கும் தளபதி குவோ சோங்லிங்கும் புதுமுறைப் பயிற்சி கொடுத்தார்கள். 1924 இலையுதிர் காலத்தில் இரண்டாவது போர். ஃபெங் யூஷியாங் தன் தலைவரான வூ பெய்ஃபூவை முதுகில் குத்தி பெய்ஜிங்கைப் பிடித்துக்கொள்ள, ஜாங் வென்றார். அவருடைய படைகள் தெற்கே ஷாங்காய் வரை போயின.

என்னுடைய வாசிப்பு இதுதான்: அந்த வெற்றிதான் வாங்கை முடித்தது. 1917-இல் தாங் யூலினை எதிர்த்து அவர் ஜெயித்ததற்குக் காரணம் ஜாங்கின் பணமுடை. முதலாளியின் முடை எவ்வளவோ அவ்வளவுதான் இந்த அதிகாரியின் அதிகாரம். வென்ற பிறகு ஜாங்குக்குப் புதிய நிலம், புதிய வருமானம், எல்லாவற்றுக்கும் மேலாக அச்சகம். சிக்கனம் பேசும் ஆளுநரின் சொல் இனி ஆலோசனை மட்டும்தான். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. போர்ச்செலவை நோட்டு அடித்துச் சமாளித்தார்கள். ஃபெங்பியாவ் சரியத் தொடங்கியது.

1925 நவம்பரில் குவோ சோங்லிங் கலகம் செய்தார். ஜாங்கின் மிகச் சிறந்த படை அவர் கையில். போர் போதும், மகனிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு விலகுங்கள் என்பது அவருடைய கோரிக்கை. ஷென்யாங்குக்கு மிக அருகில் வந்துவிட்டார். ஜாங் மூட்டை கட்டத் தொடங்கினார். ஜப்பானியக் குவாந்தோங் படை ரயில்பாதைப் பாதுகாப்பு என்ற பெயரில் குவோவின் வழியை மறித்ததால் ஜாங் பிழைத்தார். டிசம்பரில் குவோவும் மனைவியும் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கலகக்காரர் கேட்டதும் ஆளுநர் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் படையோடு கேட்டார், மற்றவர் வரவுசெலவுக் கணக்கோடு கேட்டார்.

இவ்வளவுக்கும் பிறகும் ஜாங் மறுபடி பெருஞ்சுவரைத் தாண்டிப் போகத் தயாரானார். 1926 பிப்ரவரியில் வாங் உடல்நலம் என்று சொல்லி ஊருக்குப் போனார். அங்கிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். இராணுவச் செலவைக் குறைக்காமல் மாகாணத்தை நடத்த முடியாது என்பது அதன் சாரம். ஊர் எது என்பதும் முக்கியம்: ஜப்பானியக் குத்தகை நிலத்துக்குள் இருந்த ஜின்ஜோ. ஜாங்கின் உத்தரவு செல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தக் கடிதத்தை எழுத முடிந்தது. தூதர்கள் போனார்கள், சமாதானக் கடிதங்கள் போயின. அவர் அசையவில்லை. மோ தெஹுய் அந்த நாற்காலிக்கு வந்தார். வாங் 1927 நவம்பரில் இறந்தபோது ஜாங் பெய்ஜிங்கில் பெரும் மார்ஷல் பட்டத்தோடு இருந்தார்.

பணத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால் வாங் இல்லாத வித்தியாசம் தெரியும். 1926-இல் ஃபெங்பியாவ் சரிவுக்கு வணிகர்களின் சூதாட்டமே காரணம் என்று சொல்லி, நாணய மாற்றுக்காரர்கள் சிலரை ஜாங் சுட்டுக் கொன்றார். விலை நிற்கவில்லை. ஒரு காலத்தில் வெள்ளி டாலருக்குச் சற்றே குறைவாக மதிக்கப்பட்ட அந்த நோட்டு, 1929 வாக்கில் ஒரு டாலருக்கு ஐம்பதுக்கும் மேல் கொடுக்க வேண்டிய காகிதமாகிவிட்டது. 1928 ஜூன் 4 அன்று ஹுவாங்குதுன் அருகே ரயில் பாலத்தில் வைக்கப்பட்ட குண்டு, ரயிலில் வந்த ஜாங்கைக் கொன்றது. வைத்தவர்கள் குவாந்தோங் படையின் அதிகாரிகள்.

ஆகவே பொம்மையா என்றால், வாங் பொம்மை அல்ல. நல்லவரா என்ற கேள்விக்குத்தான் பதில் சுலபமில்லை. பல்கலைக்கழகத்தையும் ரயில்பாதையையும் அவர் கணக்கில் எழுதுபவர்கள், 1924-இன் பீரங்கிகளையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும். ஒழுங்காக வரி வசூலிக்கத் தெரியாத ஓர் ஆள் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஜாங்கால் பெய்ஜிங் வரை போயிருக்கவே முடியாது என்று நான் நினைக்கிறேன். இது வாங்குக்கும் தெரியாமல் இருந்திருக்காது. அவ்வளவு கணக்குத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கா தெரியாது?

அவரோடு இருந்தவர்களின் பிற்காலத்தையும் சொல்ல வேண்டும். தாங் யூலின் ஜாங்கிடமே திரும்பி வந்து, ரெஹே மாகாணத்தின் தலைவராகி, 1933-இல் ஜப்பானியர் வந்தபோது சண்டையிடாமல் தலைநகர் செங்தேயை விட்டு ஓடினார். படைக்கு வேண்டிய லாரிகளில் தன் சொத்தை ஏற்றிக்கொண்டு போனதாக அவர்மேல் குற்றச்சாட்டு. ஜாங்கிடம் வாங்குக்காகப் பேசிய யுவான் ஜின்கை, 1931 செப்டம்பரில் ஜப்பானியர் ஷென்யாங்கைப் பிடித்ததும் அவர்கள் அமைத்த உள்ளூர் அமைதிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மாகாணத் தலைவராக இருந்த ஸாங் ஷியி சில வாரங்கள் காவலில் வைக்கப்பட்டு, அந்த டிசம்பரில் ஜப்பானியருக்குக் கீழே அதே மாகாணத்தின் ஆளுநரானார். வாங்கின் சிவில் அணியைச் சேர்ந்த யூ சோங்ஹான், மஞ்சூகுவோ என்ற பொம்மை அரசுக்கு அடித்தளம் போட்ட சுயாட்சி வழிகாட்டுத் துறையின் தலைவராகப் பதவியேற்றார். சீனாவிலிருந்து மஞ்சூரியாவைப் பிரிப்பதற்கு அவர் முன்வைத்த கொள்கை, 1922-இல் வாங் தன் திட்டமாக வைத்திருந்த அதே முழக்கம்தான்: எல்லையைக் காப்போம், மக்களை வாழவைப்போம்.